கொட்டாமல் விட்ட கொங்கிரீட்: மலைச்சரிவில் இரண்டு அறை கட்டிய கணக்கு

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்களுக்குக் கிடைத்த 7 பேர்ச் காணியில் ஒரு சின்ன வீடு ஏற்கனவே இருக்கிறது. அதன் பின்பக்கச் சுவரோடு சேர்த்து ஓர் அறையும் சமையலறையும் கட்டினோம். 12 அடி அகலம், 22 அடி நீளம், மொத்தம் 264 சதுர அடி. வழக்கமான முறையில் கட்டுவதற்கு முதலில் போட்டுத் தந்த மதிப்பீட்டில் 95 மூட்டை சீமெந்து இருந்தது. கட்டி முடித்தபோது போனது 45 மூட்டை.

அந்த 50 மூட்டை எந்தெந்த இடத்தில் குறைந்தது என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். சூழலுக்கு நல்ல வீடு என்று பேச்செடுத்தாலே எல்லாரும் சுவரைப் பார்க்கிறார்கள். மண்கல்லா, செங்கல்லா, புளொக் கல்லா என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எங்கள் கணக்கில் பெரிய மிச்சம் வேறிடத்தில் இருந்தது.

நான் கட்டடப் படம் வரைகிற வேலை செய்கிறேன். மேசன் வேலை முழுக்கச் சித்தப்பாவுடையது. கொழும்பில் மாடிக் கட்டட வேலைகளிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியவர். அவருக்குக் கொங்கிரீட்டின் மேல் மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. அது கெட்ட பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. தேவையில்லாத இடத்தில் கொட்டினால் அதற்கு மலை, ஆறு, காற்று மூன்றும் விலை கொடுக்கின்றன.

ஒரு மூட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக்கல்லையும் களியையும் சேர்த்து ஏறத்தாழ 1450 பாகை சூட்டில் எரித்தால் கிளிங்கர் கிடைக்கும். அதைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு அரைத்தால் சீமெந்து. சூளைக்குப் போடும் எரிபொருள் புகை விடுவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பாதிக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. சுண்ணாம்புக்கல் சூட்டில் உடையும்போது அதில் பூட்டிக் கிடந்த வாயு வெளியேறுகிறது. சூளையை எந்த எரிபொருளில் எரித்தாலும் அந்தப் பங்கு வந்தே தீரும். சாதாரண போர்ட்லண்ட் சீமெந்து 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ காபனீரொட்சைட்டு என்று வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுவதும் மனிதரால் வெளியேறும் காபனீரொட்சைட்டில் 100க்கு 7, 8 பங்கு சீமெந்திலிருந்து வருவதாகச் சொல்கிறார்கள். நம் நாட்டில் கிளிங்கர் எரிக்கும் சூளை புத்தளத்தில் இருக்கிறது. அதற்குக் கல் அருவக்காட்டிலிருந்து வருகிறது. மற்றக் கிளிங்கர் கப்பலில் வந்து இறங்கி இங்கே அரைபடுகிறது. அங்கேயிருந்து மலையேறி எங்கள் தோட்டத்து ரோட்டுக்கு லொறி வந்து சேரும் வரை எரியும் டீசல் தனிக் கணக்கு.

மணலும் அப்படித்தான். ஒரு கியூப் (100 கன அடி) ஆற்று மணல் கொங்கிரீட்டுக்குள் போனால் அது ஆற்றுக்குத் திரும்பப் போவதில்லை. மகாவலியிலும் களனியிலும் மணல் அள்ளி அள்ளிக் கரை இடிந்த இடங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிலாப்

மதிப்பீட்டில் கூரை 5 அங்குலச் சிலாப், அதாவது கம்பி போட்ட கொங்கிரீட் தட்டு. அதைத் தாங்க ஆறு கொலம் (தூண்), சுற்றிவர 9 அங்குல அகலத்தில் பீம். சிலாப்புக்கு மட்டும் 22 மூட்டை, கொலத்துக்கும் பீமுக்கும் 16 மூட்டை. கம்பி அதற்கு மேல்.

சிலாப் போட்ட வீடு என்றால் எங்கள் ஆட்களுக்கு அது பெருமை மட்டுமில்லை. தலைமுறை தலைமுறையாக லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்), தகரத்துக்குக் கீழே, ஓர் இஸ்தோப்பும் (திண்ணையும்) ஓர் அறையுமாக இருந்தவர்கள் நாங்கள். சொந்தக் காணி என்று கையில் வந்தது 7 பேர்ச், அதாவது 1900 சதுர அடி. பிள்ளைகள் கலியாணம் கட்டினால் எங்கே போவார்கள்? மேலேதான் போக வேண்டும். அதனால் ‘இப்போதே சிலாப் போட்டு வைப்போம், மாடி பிறகு’ என்ற யோசனையில் நியாயம் இருக்கிறது. மாடி நிச்சயம் வரும் என்றால் நானும் சிலாப்தான் போடச் சொல்வேன். அடுத்த வீட்டுக்கு அது தரையாகிவிடும், அதில் போன சீமெந்து வீணில்லை.

எங்கள் காணியில் மாடி வர முடியாது. நிலச்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எடுக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த அறிக்கையில் ஒரு தட்டு வீடு மட்டுமே கட்டலாம், மேட்டை மேலும் வெட்டக் கூடாது, மழைத்தண்ணீரைச் சரிவில் ஊற விடக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. மாடியே வராத வீட்டுக்குச் சிலாப் எதற்கு? சித்தப்பாவிடம் கேட்டேன்.

“ஒழுகாது மகள், அதுக்குத்தான்.”

“தகரம் ஒழுகினா ஒரு ஷீட்ட மாத்தலாம் சித்தப்பா. சிலாப் ஒழுகினா என்ன செய்வீங்க?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கொழும்பில் ஒழுகிய சிலாப்புகளுக்கு மேலே தார் பூசிய அனுபவம் அவருக்கு நிறைய இருக்கிறது. “சரி, தகரமே போடுவோம். ஆனா இறவாணம் நல்லா வெளிய வரணும்” என்றார். இறவாணம் என்றால் சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பு. அந்த நிபந்தனை பின்னால் மண்சுவருக்கும் உதவியது.

ஒரு சதுர மீற்றர் சிலாப்புக்கு ஏறத்தாழ 40 கிலோ சீமெந்தும் 10 கிலோ கம்பியும் போகும். தகரமும் இரும்புதான், அதற்கும் சூளையும் கரியும் உண்டு. ஆனால் ஒரு சதுர மீற்றர் தகரக் கூரைக்குச் சில கிலோ இரும்பு போதும், தாங்குவதற்கு மரம் இருக்கிறது. தோட்டத்தில் விழுந்த சவுக்கு மரத்தை அனுமதி வாங்கி அறுத்தோம். எடை குறைந்ததால் கொலமே தேவைப்படவில்லை. சுவரே கூரையைத் தாங்கிக்கொள்ளும். சரிவான நிலத்தில் எடை குறைவது தனி நன்மை. மேட்டு விளிம்பில் எத்தனை டன் ஏற்றுகிறோம் என்பது நிலத்துக்குத் தெரியும்.

மழையில் தகரம் சத்தம் போடும், மத்தியானம் சுடும், இராவில் குளிரும். அதற்காகத் தகரத்துக்குக் கீழே பலகைச் சீலிங் அடித்து, இடையில் காற்றுப் போக வழி விட்டோம். ஜூலை மாதத்துக் காற்றுக்கு மரத்தைச் சுவர்ப் பீமோடு இரும்புப் பட்டி போட்டு இறுக்க வேண்டும். எங்கள் பக்கம் கூரை போவது மழையில் இல்லை, காற்றில்.

அத்திவாரம்

இதில் எந்தப் புதுமையும் தேவைப்படவில்லை. கருங்கல் அத்திவாரம் நம் நாட்டில் எல்லாருக்கும் பழக்கமானது. இடிந்து கிடந்த பழைய லயம் ஒன்றின் கல்லைத் தோட்டத்துத் துரையிடம் (மனேஜரிடம்) கேட்டு எடுத்துக்கொண்டோம். இரண்டு கியூப் கல் போதுமாக இருந்தது. அந்தக் கல்லைப் பிரித்தபோது பார்த்தேன்: உள்ளே சீமெந்து கிடையாது, களிமண்ணும் சுண்ணாம்பும் மட்டும். அலவாங்கு போட்டுத் தட்டினால் கல் முழுசாகக் கழன்று வருகிறது, சுத்தமாகத் துடைத்து மறுபடியும் அடுக்கலாம். சீமெந்தில் கட்டிய சுவரை இடித்தால் இப்படிக் கல் திரும்பக் கிடைக்காது.

6 பங்கு மணலுக்கு 1 பங்கு சீமெந்து என்ற சாந்தில் கட்டினோம், 9 மூட்டை போனது. இதே பள்ளத்தைக் கொங்கிரீட்டால் நிரப்பியிருந்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு போயிருக்கும். கல் இடத்தை அடைத்துக்கொள்வதால் சாந்துக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் மிஞ்சுகிறது. பெரிய கல்லுக்கு நடுவே சாந்தை அள்ளிக் கொட்டாமல் சின்னச் சின்னக் கல்லைச் செருகிக்கொண்டே போனால் அந்தப் பங்கும் குறையும். இது சித்தப்பாவின் கைவேலை. அவசரப்படும் மேசன் அந்த இடைவெளி முழுவதையும் சாந்தால் நிரப்பிவிடுவார்.

மண்கல்

இதற்குத்தான் நாங்கள் அதிகம் மெனக்கெட்டோம். வீட்டுக்கு இடம் சமப்படுத்தியபோது வந்த மண் மேட்டோரம் குவிந்து கிடந்தது. மேலே ஒரு அடி கறுப்பு மண், அதில் வேரும் குப்பையும் இருக்கும், கல்லுக்கு உதவாது. அதை மரக்கறித் தோட்டத்துக்குத் தள்ளினோம். அதற்குக் கீழே செம்மஞ்சள் மண். அதுதான் வேண்டும்.

முதலில் போத்தல் சோதனை. அகன்ற வாய்ப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் உட்காரும், வண்டல் அதற்கு மேல், களி கடைசியில். மறுநாள் பார்த்தால் களிப் படலம் தடிப்பாக இருந்தது. மலைநாட்டு மண்ணில் இது வழக்கம்தான். களி கூடினால் கல் காயும்போது சுருங்கி வெடிக்கும், அந்தச் சுருக்கத்தை அடக்கச் சீமெந்து கூடுதலாகக் கேட்கும்.

அடுத்தது சுருக்கச் சோதனை. இரண்டு அடி நீளம், ஒன்றரை அங்குல அகலம், ஒன்றரை அங்குல ஆழத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே எண்ணெய் தடவி, குழைத்த மண்ணை அழுத்தி நிரப்பி, நிழலில் காய வைத்துவிட்டு, எத்தனை மில்லிமீற்றர் சுருங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். கையால் இழுக்கும் அச்சுக்குப் பழைய விதி ஒன்று இருக்கிறது: 15 மில்லிமீற்றருக்குள் சுருங்கினால் 18 பங்கு மண்ணுக்கு 1 பங்கு சீமெந்து, 30க்குள் 16க்கு 1, 45க்குள் 14க்கு 1, 60க்குள் 12க்கு 1. எங்கள் மண் தனியாக 30ஐத் தாண்டியது, அதாவது 14க்கு 1. மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கல் தூள் சேர்த்துப் பார்த்தபோது 15க்குள் வந்துவிட்டது, 18க்கு 1 போதும். கல்லுடைக்கும் இடத்தில் குவிந்து கிடக்கும் அந்தத் தூள் எங்களுக்கு நாலு மூட்டைக்கு மேல் சீமெந்தை மிச்சம் பிடித்துத் தந்தது. ஒரு மரப்பெட்டியால் நாலு மூட்டை என்பதை நினைத்து எனக்கு இன்னும் சந்தோஷம்.

அச்சு வாடகைக்கு எடுத்தது. ஒரு நீண்ட தடி, கீழே ஒரு பெட்டி. தடியை ஓர் ஆள் தன் எடையைப் போட்டு இழுக்க வேண்டும். இந்த வகை அச்சு 1950களில் தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் உருவானது. மின்சாரமும் வேண்டாம், டீசலும் வேண்டாம். 29 சென்றிமீற்றர் நீளம், 14 அகலம், 10 உயரம் கொண்ட கல், எடை ஏழரைக் கிலோ வரும்.

ஈரப்பதம்தான் உயிர். மண்ணைப் பிடித்து உருண்டை செய்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட வேண்டும். நாலைந்து துண்டாக உடைந்தால் சரியான பதம். தூளாகச் சிதறினால் தண்ணீர் போதாது. அப்பிக்கொண்டால் கூடிவிட்டது. கலந்த மண்ணை ஒரு மணித்தியாலத்துக்குள் அச்சில் அடித்துவிட வேண்டும், அதனால் சின்னச் சின்னக் கும்பமாகத்தான் கலந்தோம். தங்கச்சி உருண்டை போட்டுப் பார்ப்பாள், நான் கலப்பேன், சித்தப்பாவின் மகன் தடியை இழுப்பான்.

இந்த வேலையை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடித்தாக வேண்டும். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் மண் காயாது. அடித்த கல்லை வெயிலில் காய வைக்கவும் கூடாது. படங்கு போட்டு மூடி, இரண்டு கிழமைக்குத் தினமும் தண்ணீர் தெளித்து, அப்புறம் நிழலில் ஆற விட்டு, ஒரு மாதம் ஆன பிறகே சுவருக்கு எடுத்தோம். குளிர் இடத்தில் சீமெந்து மெதுவாகத்தான் இறுகும்.

சோதனைக்கு ஒரு கல்லை முழு நாளும் தண்ணீரில் ஊற வைத்து, இரண்டு கல்லுக்கு மேல் பாலம் போல வைத்து, நடுவில் சித்தப்பாவை ஏறி நிற்கச் சொன்னேன். மண்கல் காய்ந்திருக்கும்போது காட்டும் பலத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் ஊறிய பிறகு காட்டும், அதனால் ஊறிய கல்லைத்தான் சோதிக்க வேண்டும். அவர் ஏறி நின்றார். அப்புறம் அவராகவே குதிகாலை ஒரு தட்டுத் தட்டினார். கல் நின்றது. அதற்குப் பிறகு மண்சுவர் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இலங்கைத் தரக் கட்டளையில் அழுத்திய மண்கல்லுக்குத் தனியே ஒரு தரம் உண்டு, எஸ்எல்எஸ் 1382. பெரிய கட்டடம் கட்டுகிறவர்கள் ஆய்வுகூடத்தில் நசுக்கிப் பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

மண்கல் உண்மையில் மிச்சம் பிடித்ததா?

பிடித்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

4 அங்குலப் புளொக் கல்லில் ஒரு சதுர மீற்றர் சுவர் கட்டப் பன்னிரண்டு, பதின்மூன்று கல் வேண்டும். கல் ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோ என்றால் 19 கிலோ சீமெந்து. இரண்டு பக்கமும் பூச்சுக்கு 9 கிலோ. ஆக 28 கிலோ, கட்டும் சாந்து வேறு. நாங்கள் அடித்த மண்கல்லில் கல் ஒன்றுக்கு 450 கிராம், ஒரு சதுர மீற்றருக்கு 31 கல், ஆக 14 கிலோ. பூச்சு கிடையாது. பாதி.

இப்போது மண்ணைச் சோதிக்காமல், ‘பலமாக இருக்கட்டும்’ என்று 100க்கு 10 பங்கு சீமெந்து போட்டு, கட்டிய பிறகு ‘மண் தெரிகிறதே, ஆட்கள் என்ன நினைப்பார்கள்’ என்று இரண்டு பக்கமும் சீமெந்துப் பூச்சும் பூசினால்? கல்லுக்கு 23 கிலோ, பூச்சுக்கு 9 கிலோ, ஆக 32. புளொக் கல் சுவரைவிடக் கூடிவிட்டது. பேர் மட்டும் மண் வீடு. இப்படிக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கணக்கை இவ்வளவு தூரம் எழுதுகிறேன். மண்கல் என்ற பேரில் எதுவுமில்லை, உள்ளே போன சீமெந்தை எண்ண வேண்டும். மண்ணைச் சோதித்து அளவாகக் கலப்பதும், பூசாமல் விடுவதும் சேர்ந்தால்தான் அந்தப் பாதி குறையும்.

பூசாமல் விட்ட சுவர் மழையில் நிற்க வேண்டும் என்றால் இறவாணம் இரண்டரை அடி வெளியே வர வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி வரை கருங்கல் கட்டு வர வேண்டும், கூரைத் தண்ணீர் தரையில் அடித்துத் தெறிப்பது அந்த உயரத்துக்குள் அடங்கிவிடும். இரண்டையும் செய்தோம்.

சமையலறையின் உள்பக்கம் மட்டும் பூசினோம், அதுவும் சுண்ணாம்பில். மாத்தளை, திகண பக்கத்துச் சூளைகளிலிருந்து வருவது. ஊற வைத்துப் புளித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. சுண்ணாம்பும் கல்லை எரித்துத்தான் வருகிறது, அதற்கும் விறகு வேண்டும், வாயு வெளியேறும். ஆனால் 900 பாகை அளவு சூடு போதும். சுவரில் பூசிய பிறகு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைத் திரும்ப இழுத்துத்தான் அது இறுகுகிறது. தென்கரையில் ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டி எரித்துச் சுண்ணாம்பு எடுத்தார்கள். கடலுக்கு அது செய்த கேடு கொஞ்சமில்லை. எங்கேயிருந்து வந்த சுண்ணாம்பு என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கொங்கிரீட் போட்ட இடம்

அத்திவாரத்துக்கு மேலே சுற்றிவர ஒரு பீம், லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே, சுற்றிவர இன்னொரு பீம். 6 அங்குலம் அகலம், 6 அங்குலம் உயரம், நாலு கம்பி. இதில் நாங்கள் ஒரு பிடி சீமெந்தும் குறைக்கவில்லை. சரிவில் நிலம் கொஞ்சம் அசைந்தாலும் சுவர் தனித்தனியே பிளந்து போகாமல் பிடித்துக்கொள்வது இந்த இரண்டு பட்டியும்தான். இழுவிசையைத் தாங்க மண்ணுக்கும் கல்லுக்கும் வழியில்லை. இந்த இடத்துக்குக் கம்பி போட்ட கொங்கிரீட்டே தேவை.

கலவை சீமெந்து 1க்கு மணல் ஒன்றரை, உடைகல் 3. பெட்டி வைத்து அளந்தோம். தாச்சிக் கணக்கில் அள்ளினால் ஒவ்வொரு தாச்சிக்கும் ஓர் அளவு வரும். முக்கியமான சண்டை தண்ணீரில். கலக்கும் ஆளுக்கு மம்பட்டி இலேசாகப் போக வேண்டும், அதனால் இன்னொரு வாளி ஊற்றுவார். கொங்கிரீட்டின் பலம் சீமெந்துக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது. கூடுதல் தண்ணீர் பிறகு ஆவியாகி உள்ளே ஓட்டை ஓட்டையாக விட்டுப் போகும். புத்தளத்தில் 1450 பாகையில் எரித்துக் கொண்டுவந்ததை ஒரு வாளித் தண்ணீரில் பாதியாக்கிவிடலாம். ஒரு மூட்டைக்கு 25 லீற்றர் என்று வாளியில் கோடு போட்டு வைத்தேன். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைத்தோம். இறுக்கமான கலவையைக் கம்பியால் குத்திக் குத்தித்தான் இறக்க வேண்டும், கை வலிக்கும். அந்த வேலையைச் சித்தப்பா யாரிடமும் கொடுக்கவில்லை.

வாங்கியது நிலக்கரிச் சாம்பல் கலந்த சீமெந்து. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் மலைபோல் சேரும் சாம்பலில் ஒரு பகுதி இப்படிப் பயன்படுகிறது. கிளிங்கரின் இடத்தைச் சாம்பல் எடுத்துக்கொள்வதால் மூட்டைக்குப் பின்னால் உள்ள புகை குறைகிறது. மூட்டையில் எஸ்எல்எஸ் 1247 என்று இருக்கும். கடைக்காரர் சொல்வதைக் கேட்காமல் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். இந்தச் சீமெந்து நாள் போகப் போகப் பலம் ஏறும், ஆனால் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் இறுகும், எங்கள் குளிரில் இன்னும் மெதுவாக. கொழும்பில் கழற்றுகிற கணக்கில் இங்கே பலகையைக் கழற்றக் கூடாது. ஜன்னலுக்கு மேல் வரும் பகுதிக்கு அடியில் கொடுத்த முட்டுக் கால்களை இரண்டு கிழமைக்கு மேல் அப்படியே விட்டோம். ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தோம். மழைநாடு என்பதால் கொங்கிரீட் தானே நனையும் என்று விட முடியாது. மார்ச் மாதத்துக் காற்று ஒரே பகலில் மேற்பரப்பை உலர்த்திவிடும்.

சரிவும் தண்ணீரும்

இதற்குப் பொதுப் புத்தி உதவாது. முற்றத்துக்குக் கொங்கிரீட் போடாதே, மழைத்தண்ணீரை நிலத்தில் ஊற விடு என்பது சமநிலத்துக்கு நல்ல புத்திமதி. சரிவில் அது ஆபத்து. மண்ணுக்குள் தண்ணீர் ஊறி எடை ஏறி, பிடிப்பு இளகும்போதுதான் மலை இறங்குகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தவில் லயங்கள் புதைந்து போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த நினைப்பு இல்லாமல் மலையகத்தில் வீடு பற்றி யாரும் பேசக் கூடாது.

அதனால் வீட்டைச் சுற்றிய கானுக்கு, அதாவது வடிகாலுக்கு, சீமெந்து பூசினோம். தகரத்துத் தண்ணீர் பீலி வழியாக வந்து அந்தக் கானில் விழுந்து தோட்டத்துப் பெரிய கானுக்குப் போய்விடும். இதற்குப் போன சீமெந்து மேலே சொன்ன இரண்டு கணக்கிலும் இல்லை, எப்படிக் கட்டினாலும் இது வேண்டும். முற்றத்தில் தட்டைக் கல் பதித்து, கானை நோக்கிச் சரிவு கொடுத்தோம்.

மேட்டுப் பக்கம் தாங்கு சுவருக்குச் சாந்து இல்லாத வெறுங்கல் அடுக்கு. தேயிலை மலையில் பழைய ஆட்கள் அடுக்கிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன, எல்லாம் வெறுங்கல். உயரம் மூன்றரை அடிதான் என்பதால் இது முடிந்தது. அடிப்பக்கம் அகலமாக, மேலே போகப் போக உள்பக்கம் சாய்வு, பின்னால் உடைகல். தண்ணீர் கல்லுக்கு இடையில் தானாக வடிந்துவிடும். கொங்கிரீட்டில் கட்டினால் பலம் கூடும், ஆனால் வடிகுழாய் வைக்க மறந்தாலோ குழாய் அடைத்துக்கொண்டாலோ பின்னால் சேரும் தண்ணீர் சுவரையே தள்ளிவிடும். உயரம் ஐந்து, ஆறு அடிக்குப் போனால் பொறியியலாளரைக் கேட்காமல் கல்லைத் தொடக் கூடாது. மேட்டில் வெட்டிவேரும் மானாப் புல்லும் நட்டிருக்கிறோம்.

கணக்கு

சிலாப்: 22 மூட்டையிலிருந்து ஒன்றுமில்லை.
கொலமும் பீமும்: 16லிருந்து 7.
சுவர், சாந்து, பூச்சு எல்லாம் சேர்த்து: 31லிருந்து 17.
தரை: 16லிருந்து 11. நாலு அங்குலத்துக்குப் பதில் மூன்று அங்குலம், கீழே நன்றாக இடித்த சரளை, மேலே மெல்லிய சிவப்புச் சீமெந்துப் பூச்சு, டைல் இல்லை.
அத்திவாரம்: 9, மாற்றமில்லை.
சில்லறை வேலை: 1, மாற்றமில்லை.

குறைந்த 50 மூட்டையில் 31 மூட்டை சிலாப்பையும் அதன் கொலத்தையும் விட்டதால் வந்தது. பல மாதம் மண் பிசைந்து கிடைத்தது 14 மூட்டை. மண்கல்லில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சுவரைத் தொட்டால் பிடித்திருக்கிறது, அறை கதகதப்பாக இருக்கிறது, புளொக் கல் சுவரில் வழியும் ஈரம் இதில் இல்லை. ஆனால் நேரமும் கையும் இல்லாத ஒருவர் என்னிடம் கேட்டால், மண்கல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன் ‘உங்கள் காணியில் மாடி வருமா?’ என்றுதான் கேட்பேன். வராது என்றால் புளொக் கல்லிலேயே கட்டுங்கள், சிலாப்பை விடுங்கள். பாதி வேலை அங்கே முடிந்துவிடும்.

மொத்தத்தில் ஏறத்தாழ 2 டன் காபனீரொட்சைட்டு குறைந்தது, கம்பியைச் சேர்க்காமல். பணத்தைப் பொறுத்தவரை, சீமெந்திலும் கம்பியிலும் மிஞ்சியதில் ஒரு பகுதி ஆள்கூலிக்குப் போனது. மண்கல்லுக்குக் கைவேலை கூட. அந்தப் பணம் தோட்டத்து ஆட்களின் கைக்கே போனது என்பது எனக்குத் திருப்தி. 2022இல் சீமெந்து விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியபோது பாதியில் நின்ற வீடுகளை எங்கள் பக்கம் எண்ணிப் பார்த்திருக்கிறேன். குறைந்த மூட்டையில் கட்டி முடிகிற வீடு அப்படி நடுவில் நின்றுபோகும் வாய்ப்பும் குறைவு.

இனிச் செய்ய வேண்டியது: வெளிச்சுவரில் மேற்குப் பக்கம் மட்டும் வருடத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடிப்பது. மழை அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது. முதல் பருவமழைக்குப் பிறகு கீழ் வரிசைக் கல்லில் இரண்டு இடத்தில் விளிம்பு இலேசாகக் கரைந்திருந்தது, அதே மண்ணைச் சலித்துச் சுண்ணாம்பு கலந்து அடைத்துவிட்டோம். கானையும் பீலியையும் மே மாதத்துக்கு முன் துப்புரவாக்க வேண்டும். சித்தப்பா இப்போது பக்கத்துப் பிரிவில் ஒரு சமையலறை கட்டுகிறார். சுருக்கம் பார்க்கும் மரப்பெட்டியை அங்கே கொண்டு போயிருக்கிறார்.